ஜமால் செய்த பின்சீட்டு

பிப்ரவரி 18, ஞாயிறு

அப்படியென்றால் நான் என்ன மூட்டையா, பவானி? மூட்டைதான் பைக்கிலிருந்து உருண்டு விழும். எனக்குக் கை இருக்கிறது, பிடித்துக்கொள்வேன். நீ மார்க்கெட்டுக்குப் போய்விட்டாய் என்பதற்காகச் சண்டை முடிந்துவிட்டதா? மிச்சத்தை இங்கே போடுகிறேன்.

ஜிகோனில், என் தங்கச்சி அம்சவேணியின் ஊர்க்கோயிலில் அடுத்த மாசம் பூமிதி. பஸ்ஸில் போனால் மாவ்பி தாண்டியதும் குடலே வெளியே வருகிறது. ரயிலோ ஓடினால் உண்டு. அதனால் இரண்டு வருஷமாகப் போகவில்லை. மாப்பிள்ளை சுந்தரிடம் பைக் இருக்கிறது. பின்னால் உட்கார்ந்து போகிறேன் என்றதற்கு என் மகள் பவானி பேசிய பேச்சு:

"ஒழுங்கா சாப்பிடறதில்ல. காத்தடிச்சாலே பறந்துருவீங்க. சாஞ்சுக்கிற மாதிரி முதுகு வச்ச சீட்டு இருந்தா போங்க, இல்லன்னா கெடங்க."

அப்படி ஒரு சீட்டே உலகத்தில் கிடையாது என்று நினைப்பு.

பிப்ரவரி 20

இருக்கிறதாம். நகருக்கு வெளியே, மாவ்பியில் ஜமால் என்று ஒருவர் செய்கிறாராம். சுந்தரின் பைக்கும் அவர் பட்டறையில்தான் நிற்கிறது. யாங்கோன் நகருக்குள் பைக் ஓட்டக் கூடாது என்று சட்டம், அதனால் எங்கள் தின்கன்ஜூன் பேட்டைக்கும் கொண்டுவர முடியாது. வாரம் ஒருமுறை மாப்பிள்ளை போய்த் துடைத்துவிட்டு வருகிறார்.

"கட்டிக் கொடுத்த பொண்ணப் பாக்கப் போற மாதிரி போறீங்களே மாப்ள, பலகாரம் எதும் கொண்டு போறதில்லையா?" என்றேன்.

"ஆயில் கொண்டு போறேன் மாமா" என்றார். என்னோடு சேர்ந்து தேறிவிட்டார்.

பிப்ரவரி 25, ஞாயிறு

பட்டறை என்றால் ஒரு தகரக் கொட்டகைதான். ஆனால் உள்ளே என்னென்னமோ தொங்குகிறது. பைக்கின் பக்கவாட்டில் மாட்டும் தகரப் பெட்டி, மழை புகாத பை, கைக்குக் காற்றுப் படாமல் தடுப்பு, தண்ணீர் பாட்டில் செருகும் வளையம். தூரப் பயணம் போகிறவர்களுக்காம்.

"பைக்குக்கு நீங்க போடுற நகைய எல்லாம் என் சம்சாரத்துக்குப் போட்டிருந்தா திட்டாம இருந்திருப்பா" என்றேன்.

ஜமால் சிரிக்கவில்லை. "ஊ அப்பாசாமி, தராசுல ஏறுங்க" என்று பர்மாக்காரர் மாதிரி மரியாதையாக 'ஊ' போட்டுக் கூப்பிட்டார்.

ஆளை நிறுக்காமல் சீட்டு செய்யமாட்டாராம். சீட்டுக்கு அடியில் இரண்டு ஸ்பிரிங். உட்காரும் ஆளின் எடைக்குத் தகுந்த ஸ்பிரிங்தான் போடுவார். அரிசி மூட்டை நிறுக்கிற தராசு, முள் வைத்தது. மாப்பிள்ளை பக்கத்திலேயே நிற்கிறார். முள் எங்கே நிற்கிறது என்று பவானிக்குத் தெரிந்தால் ஜிகோன் இல்லை, ஆஸ்பத்திரிதான்.

எனக்குப் பின்னால் தரையோடு திருகிய இரும்பு மேசை. கையைப் பின்னால் கட்டியது மாதிரி வைத்து, அதன் விளிம்பைப் பிடித்து மேலே இழுத்தேன். மேசை வரவில்லை. முள் வந்தது. முப்பத்தெட்டு பெய்தா, அதாவது அறுபத்திரண்டு கிலோ.

"பாத்தா ஒடிசலா இருக்கீங்களே" என்றார் ஜமால்.

"எலும்பு கனம். பழைய காலத்து எலும்பு."

மூச்சு முட்டிக்கொண்டு வந்தது. சிரித்து மழுப்பினேன். பவானியிடம் மாப்பிள்ளை எடையைச் சொன்னார். அவளுக்கு ஒரே சந்தோஷம். நான் தெருவில் மோஹிங்கா வாங்கித் தின்கிறேனா என்று சந்தேகமும் பட்டாள்.

மார்ச் 6

கை இன்னும் வலிக்கிறது. எழுத முடியவில்லை.

மார்ச் 17, ஞாயிறு

சீட்டு தயார். பார்க்கவே அழகு. பவானியும் சோதிக்க வந்தாள். மாப்பிள்ளை ஓட்ட, நான் பின்னால் ஜமீன்தார் மாதிரி சாய்ந்துகொண்டேன். தண்டவாளம் தாண்டும் இடத்தில் ஸ்பிரிங் என்னைத் தூக்கி எறிந்தது. விழவில்லை, மாப்பிள்ளையின் கழுத்தில் தொங்கினேன். அவருக்குத்தான் கண் பிதுங்கியது.

ஜமால் முகம் செத்துவிட்டது. சீட்டைக் கழற்றி ஸ்பிரிங்கை அமுக்கி அமுக்கிப் பார்த்தார். "இதே சரக்குலதான் மத்தவங்களுக்கும் போட்டு அனுப்பியிருக்கேன். ஸ்பிரிங் கோளாறு. எல்லாரையும் திருப்பிக் கூப்பிடணும். என் பேரு போச்சு" என்று போனை எடுத்தார்.

சும்மா இருந்திருக்கலாம். யாருக்குத் தெரியப்போகிறது? ஆனால் அந்த மனுஷன் முதல் நம்பரை அழுத்த ஆரம்பித்துவிட்டாரே—

"பாய், போன வைங்க. ஸ்பிரிங் ஒழுங்காத்தான் இருக்கு. நாந்தான் மேசையப் புடிச்சு இழுத்தேன்."

பவானி என்னைத் தராசுக்குக் கூட்டிப்போனாள். "ரெண்டு கையும் தலைமேல வைங்கப்பா." போலீஸ் பிடித்த திருடன் மாதிரி நின்றேன். முப்பது பெய்தா.

அவள் கத்துவாள் என்று பார்த்தேன். கத்தவில்லை, அழுதாள்.

எனக்குத் தகுந்த ஸ்பிரிங் மாண்டலேயிலிருந்து வரவேண்டுமாம். பூமிதிக்குள் வராது. "முப்பத்தெட்டு உள்ளவங்க உக்காந்தா இந்தச் சீட்டு மெத்தை மாதிரி" என்றார் ஜமால். நிரூபிக்காமல் விடமாட்டார் போலிருந்தது. பவானி கண்ணைத் துடைத்துக்கொண்டு, சும்மா பார்ப்போம் என்று ஏறி உட்கார்ந்தாள். மாப்பிள்ளை ஒரு சுற்று கூட்டிப்போனார். இரண்டாவது சுற்றும் போனார்கள். மூன்றாவது சுற்றுக்கு அவள்தான் கேட்டாள்.

மார்ச் 19

டாக்டர் ஊசி போட்டார். தினம் இரண்டு முட்டை. டாக்டரைக் கிண்டல் பண்ணக் கூடாது என்று பவானி முன்கூட்டியே சொல்லிவிட்டாள்.

மார்ச் 23, சனி

பவானியும் மாப்பிள்ளையும் ஜிகோன் போகிறார்கள். நான் இல்லை. பக்கத்து வீட்டு நபீஸா மூன்று நாளும் எனக்குச் சோறு போட்டு, தின்கிறேனா என்று பார்ப்பாளாம். மாவ்பி வரை போக டாக்சி கீழே வந்து நின்றது. கல்யாணமான நாளிலிருந்து இரண்டு பேரும் தனியாக எங்கேயும் போனதில்லை. பவானி புது ஹெல்மெட்டை வீட்டுக்குள்ளேயே மாட்டிக்கொண்டு கண்ணாடி பார்த்தாள்.

"பானைய மாட்டின மாதிரி இருக்கு" என்றேன்.

"இருக்கட்டும்."

"அத்தகிட்ட நான் நல்லா இருக்கேன்னு சொல்லு. எடைய மட்டும் சொல்லிராத. அவ பயந்துருவா. அடுத்த வருஷம் நான் கண்டிப்பா, அதாவது, பவானி, அவகிட்ட இன்னொண்ணும்—"

ஹெல்மெட்டுக்குள் கேட்டதோ இல்லையோ, படியிறங்கிப் போய்விட்டாள்.