சீனுவுக்கு வைத்த உப்பில்லாத சூப்

ருசி பார்க்காமல் அடுப்பை அணைக்காத என் வசந்திக்கு,

நீ போனதிலிருந்து நம் சீனு சரியாகச் சாப்பிடுவதில்லை. வாசற்கதவைப் பார்த்தபடியே படுத்துக்கிடக்கிறது. இங்கே திண்டிவனத்தில் கால்நடை மருத்துவரிடம் காட்டினேன். நோய் இல்லை, கோழிக்கால் சூப் கொடுத்துப் பாருங்கள் என்றார். சீனுவையும் இழந்துவிடுவேனோ என்று பயமாக இருந்தது. இந்த வீட்டில் உன்னைத் தேட வேறு யார் இருக்கிறார்கள்?

கறிக்கடைக்காரர் விவரம் கேட்டுச் சிரித்தார். "வெங்காயம் இல்ல, பூண்டு இல்ல, உப்பும் இல்ல. அத்த எந்த நாய் சார் குடிக்கும்?" அவை நாய்க்கு ஆகாது என்று விளக்கினேன். "நாய்க்கும் ரூல் போட்டுட்டீங்களா?" என்றார்.

முறைப்படியே செய்தேன். சிறு தீயில் நெடுநேரம் வேகவிட்டேன். வெந்த எலும்பு கூராக உடைந்து குடலைக் கிழித்துவிடும் என்பதால், ஒரு துணுக்கும் தங்காமல் வடிகட்டினேன். ஃபிரிட்ஜில் வைத்து, மேலே உறைந்த கொழுப்பை வழித்தெடுத்தேன். வெதுவெதுப்பாகச் சூடாக்கிக் கிண்ணத்தில் ஊற்றினேன். சீனு முகர்ந்தது. என்னைப் பார்த்தது. திரும்பிப் போய்ப் படுத்துக்கொண்டது.

எதிர்வீட்டு மல்லிகாவிடம் சொல்லி வருந்தினேன்.

"ராத்திரிக்கு நீங்க எங்கண்ணா சாப்புடறீங்க?"

"விழுப்புரத்துலயே, ஆபீஸ் பக்கத்து மெஸ்ல முடிச்சிக்கினு வந்துடறேம்மா."

"அப்ப அது எப்படிச் சாப்புடும்? நீங்க சாப்ட்டு எழுந்தாதான் அதுக்குச் சோறுன்னு அண்ணி பழக்கி வெச்சிருக்காங்க. நீங்க போட்ட சட்டமாமே?"

நான் போட்டதுதான். சீனு குட்டியாக வந்த அன்று, மனிதர் சாப்பிட்ட பிறகே நாய்க்கு என்று சொன்னேன். அன்றே மறந்தும் போனேன். நான் செய்தி பார்க்க எழுந்து போனபின், பின்வாசலில் நீ அதற்குச் சோறு வைத்ததை ஒருநாளாவது திரும்பிப் பார்த்தேனா?

நேற்று மெஸ்ஸுக்குப் போகவில்லை. சூப்பைச் சீனுவின் கிண்ணத்தில் ஊற்றிவிட்டு, என் பங்கைத் தனியே எடுத்து, உப்பும் மிளகும் போட்டு, சோற்றில் ஊற்றிக்கொண்டு நம் மேசையில் உட்கார்ந்தேன். நீ போனபின் அங்கே உட்காருவது அதுவே முதல்முறை. எதிர் நாற்காலியைப் பார்க்கத் துணிவில்லாமல் தட்டையே பார்த்துச் சாப்பிட்டேன். உப்பு கூடிவிட்டது, வசந்தி. சீனு காலருகே வந்து உட்கார்ந்து, கடைசிக் கவளம்வரை காத்திருந்தது. நான் தட்டைக் கழுவும் சத்தம் கேட்டதும் தன் கிண்ணத்துக்குப் போனது. அது நக்கிக் குடிக்கும் ஓசை வீடெங்கும் கேட்டது.

இனி இரவுச் சாப்பாடு வீட்டில்தான். பசிக்காத நாளிலும் தட்டின் முன் உட்காருவேன்.

சீனுவுக்கு முன்னால் சாப்பிடும்,
உன் கணவன்.