ஆனி முடிவதற்குள் பால்

ஜூலை 14, திங்கள். திருப்பூர்.

காலையிலிருந்தே தூறல். லாரியில் ஏற்றியாச்சு. பீரோ, கட்டில், என் ஓவர்லாக் தையல் மெஷின், 23 அட்டைப் பெட்டி. ஒரு பெட்டியில் மட்டும் சிவப்பு ஸ்கெட்ச்சில் பெரிதாக ‘முதலில் திறக்க’ என்று எழுதினேன். பால் காய்ச்சும் பாத்திரம், கேஸ் அடுப்பு, சாமி படம், மஞ்சள், உப்பு எல்லாம் அதில்தான். ஏற்றுகிறவர்கள் அதைத்தான் முதலில் தூக்கி லாரியின் அடிக்கோடியில் வைத்தார்கள். முதலில் போனது கடைசியில்தானே வெளியே வரும்! புத்திசாலி நான்.

கும்மிடிப்பூண்டி ஹவுஸ் ஓனரம்மா போன். “புதன்கெழமைக்குள்ள பால் காச்சிடும்மா. வியாழன் ஆடி பொறந்துடுது. அப்பால ஆவணிலதான் ஊட்டுக்குள்ள உடுவேன்.”

ஆவணி என்றால் நானும் மகள் யாழினியும் மறுபடி இங்கேயே. இவர் அங்கே ஸ்டீல் கம்பெனிக்குப் போய் ஏழு மாதம். லாட்ஜ் ரூம், மெஸ் சாப்பாடு. இன்னும் ஒரு மாதமா? முடியாது. முடியவே முடியாது.

ஜூலை 15, செவ்வாய்.

ரயில். சென்ட்ரலில் இறங்கி கும்மிடிப்பூண்டி லோக்கல். நிற்க இடமில்லை. வெயில் மண்டையைப் பிளக்கிறது. செவ்வாயில் குடி போகக் கூடாது என்பதால் இவருடைய லாட்ஜ் ரூமில் மூவரும். கயிற்றில் காயும் சட்டை இரண்டிலும் காலர் நைந்திருக்கிறது. தைக்கத் தெரிந்த பெண்டாட்டி இருந்தும். அழுகை வந்தது. அழவில்லை.

வாங்க வேண்டியது: வெளக்கமாறு, வாளி, கொசுவத்தி.

ஜூலை 16, புதன்.

நல்ல நேரம் மாலை 4.45 முதல் 5.45. லாரி மதியம் வரும் என்றார்கள். இவர் அரை நாள் லீவு. காலி வீட்டு வாசலில் மூவரும், கூட ஓனரம்மாவும்.

நான்கு மணிக்கு லாரி டிரைவர் போன்: “அக்கா, உங்க சாமானோட ஏத்துன கம்பெனிச் சரக்கக் காக்களூர்ல மொதல்ல இறக்கோணும். கிரேன் வரலீங்க்கா. நாளைக்குத்தான்.”

இவர் முகம் தொங்கிவிட்டது. “ஊருக்கு டிக்கெட் பாக்கட்டுமா?” என்றார். எனக்கு வந்ததே கோபம்! “டிக்கெட்டா? போய் பாலும் பாத்திரமும் வாங்கிட்டு வாங்க!”

ஓனரம்மா: “இன்னாமா, சாமானே வரலயே?”

“சாமான் எப்ப வேணா வரட்டுங்க. குடி வர்றது நாங்க. பால் இன்னைக்கே பொங்கீரும்.”

ஓனரம்மா பள்ளிப்பட்டில் இருக்கும் தன் அக்காவுக்குப் போன் போட்டுக் கேட்டார். பிறகு, “பால் பொங்கிட்டா செரியாம். ஆனா என் அடுப்புல இல்ல. உன் நெருப்புலதான் பொங்கணும்.”

சரி! பக்கத்தில் வீடு கட்டுகிற மேஸ்திரியிடம் மூன்று செங்கல், ஒரு சட்டி மணல், உடைந்த சென்ட்ரிங் கட்டை. சமையலறைத் தரையில் மணல் பரப்பி அடுப்பு. மணி 5.10. ஒரே புகை. யாழினி இருமுகிறாள், இவர் ஊதுகிறார், நான் லாரி ரசீதால் விசிறுகிறேன். 5.20. பால் அசையவில்லை. 5.30. இன்னும் இல்லை.

5.38. பொங்கியது! கிழக்குப் பக்கமாக!

யாழினி போட்ட சத்தம் தெருமுனை வரை கேட்டிருக்கும். ஓனரம்மா கையில் ஒரு டம்ளர் பால். “கெட்டிக்காரிதான்மா நீ.” ஆமாம், கெட்டிக்காரிதான். யார் இல்லையென்றது?

ஜூலை 17, வியாழன்.

ஆடி ஒன்று. காலை பத்துக்கு லாரி. பீரோக் கதவு கொஞ்சம் நெளிசல். கண்ணாடி டம்ளர் இரண்டு காலி. மெஷினுக்கு ஒரு கீறல்கூட இல்லை. எதிர் வீட்டுப் பெண் எட்டிப் பார்த்து, “ஆடில குடி வர்றாங்களா?” என்றாள். நான் வாயைத் திறப்பதற்குள் ஓனரம்மா: “நேத்தே பால் பொங்கிடுச்சு. சும்மா பேஜாரு பண்ணாத!”

கேஸ் இணைப்பு நாளைக்கு. அதனால் செங்கல் அடுப்பிலேயே சோறு, பருப்பு, அப்பளம்.

மாலை ஐந்தரை. பெல் சத்தம். திறந்தால் இவர், ஷிப்ட் முடிந்து. ஒரு கையில் டிபன் டப்பா, மறு கையில் வீட்டுச் சாவி.

“சாவிதான் இருக்குதே, எதுக்குங்க பெல்லு?”

“சும்மாதான். உள்ள இருந்து யாராச்சும் தொறந்து ஏழு மாசமாச்சு.”