பத்தொன்பது பக்கம்

கிள்ளான்,
11.2.2024

அன்புள்ள சீதாவுக்கு,

மலர்விழி எழுதுகிறேன். பயந்துகொண்டேதான் எழுதுகிறேன். போன வாரம் பாசாரில் மீன் வாங்கும்போது உன் அண்ணன் சிவநேசனைப் பார்த்தேன். நீ பெர்த்தில் மகனோடு இருப்பதாகச் சொல்லி, முகவரியும் போன் நம்பரும் கொடுத்தார். போன் அடித்தால் நீ எடுக்கமாட்டாய். கடிதத்தைக் கிழித்துப் போடுவதற்கு முன் ஒரு தடவையாவது பிரித்துப் பார்ப்பாய் என்று ஒரு நம்பிக்கை.

பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வு பெற்றதும் வீட்டுப் பின்பக்கம் தோட்டம் போட்டேன். வெண்டை, கத்திரி, வேலியில் பாகல். இரண்டு வாரமாக மழையில்லை. பத்து மணிக்கே கத்திரி இலையெல்லாம் தொங்கிவிடுகிறது. காலையில் தண்ணீர் ஊற்றி, கை மண்ணைக் கழுவிவிட்டு நோட்டுப் புத்தகத்தோடு உட்காருகிறேன். என் வாழ்க்கையை எழுதுகிறேன் சீதா. பயிற்சிக் கல்லூரி நாட்களில் பிரிக்பீல்ட்ஸில் நாம் இருவரும் வாடகைக்கு இருந்த அறை வரைக்கும் வந்துவிட்டேன். அந்த அறையை நீ இல்லாமல் எப்படி எழுதுவது?

பன்னிரண்டு வருஷத்துக்கு முன் ஞாயிறு பத்திரிகையில் வந்த என் கதையைப் படித்துவிட்டு நீ போன் செய்தாய். “அது வெறும் கதை லா, பேரைக்கூட மாத்திட்டேனே” என்றேன். நீ போனை வைத்துவிட்டாய். நாம் கடைசியாகப் பேசியது அதுதான். இந்தத் தடவை உன்னைக் கேட்காமல் எழுதக் கூடாது என்று இருக்கிறேன். எழுதட்டுமா?

தபால்காரனைப் பார்த்துக் காத்திருக்கும்,
மலர்

*

பெர்த்,
28.2.2024

மலருக்கு,

கடிதம் வந்தது. பிரித்தேன்.

இங்கே கோடை முடியப் போகிறது. மகன் வீட்டுக் கொல்லையில் நானும் தக்காளி போட்டிருக்கிறேன். அடியிலை எல்லாம் காய்ந்துவிட்டது, நுனியில் மட்டும் இன்னும் காய்க்கிறது. பிடுங்கிவிடலாம் என்கிறாள் மருமகள். நான்தான் விடவில்லை.

உன் ‘வெறும் கதை’க்கு வருகிறேன். கல்யாணத்துக்கு ஒன்பது நாள் இருக்கும்போது, விரும்பினவனோடு போய்விடலாம் என்று ஒருத்தி கிள்ளான் பஸ் ஸ்டேஷனில் காலையிலிருந்து சாயங்காலம் வரை காத்திருந்தாள், அவன் வரவில்லை, அறுந்த கைப்பை வாரை ஹேர்பின்னால் குத்திக்கொண்டு வீடு திரும்பினாள் என்று எழுதினாய். பெயரை மாற்றினாய், கைப்பையை மாற்றவில்லை. அந்தப் பையோடுதான் நான் விமலன் வீட்டுக்கு வாழப் போனேன். ஹேர்பின்னை எடுத்துவிட்டு வாரைத் தைத்துக் கொடுத்தவர் அவர்.

அவரும் கதையைப் படித்தார். ஒரு வார்த்தை கேட்கவில்லை. அன்றிலிருந்து சாப்பாட்டைப் போட்டு எடுத்துக்கொண்டு டிவி முன்னால் போய் உட்கார்ந்துவிடுவார். நான் அடுப்படியில் சாப்பிட்டேன். அவர் சாகும்வரை, மூன்று வருஷம், அப்படித்தான். கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்: “ஆமா, போனேன். திரும்பி வந்து உங்களோட இருபத்தேழு வருஷம் நல்லாதான் இருந்தேன்.”

இன்னொன்று. கதையில் அந்தப் பெண் தனியாக உட்கார்ந்திருந்தாள். அன்றைக்கு முழுக்க நீ என் பக்கத்தில் இருந்தாய். உன்னை மட்டும் ஏன் எடுத்துவிட்டாய்?

எழுத வேண்டாம்.

சீதாலெட்சுமி

*

கிள்ளான்,
17.3.2024

அன்புச் சீதா,

விமலன் அண்ணன் விஷயம் எனக்குத் தெரியாது. ‘தெரிந்திருந்தால்’ என்று ஆரம்பித்து நாலு வரி எழுதி அடித்துவிட்டேன். தெரிந்துகொள்ள நான் உன் வாசல் படியே ஏறவில்லையே. அவருடைய சாவுக்கு வந்தேன். எதிர்ப்பக்கம் காரிலேயே உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்பிவிட்டேன்.

என்னை ஏன் எடுத்தேன் என்று கேட்டாய். அவன் முந்தின நாளே என்னிடம் வந்து, வரமாட்டேன் என்று சொல்லிவிட்டான் சீதா. “எனக்கு தைரியம் இல்ல, நீங்களே சொல்லிடுங்க” என்றான். காலையில் உன் முகத்தைப் பார்த்ததும் எனக்கு வாய் வரவில்லை. அடுத்த பஸ் போகட்டும், சொல்லிவிடலாம் என்று நினைத்து நினைத்தே சாயங்காலமாகிவிட்டது. கதையில் என்னை வைத்தால் இதையும் வைக்க வேண்டும். வைக்கத் துணிவில்லை.

இப்போது எழுதிவிட்டேன். அந்த அறையும் அந்த நாளும் சேர்த்துப் பத்தொன்பது பக்கம். நோட்டிலிருந்து கிழித்து இத்தோடு அனுப்புகிறேன். வேறு பிரதி இல்லை, போட்டோகூட எடுக்கவில்லை. உன்னுடையது. எரித்தாலும் சரி.

நேற்று மழை வந்தது. பாகல் கொடி பக்கத்து வீட்டுக்குள் போய்விட்டது. பறித்ததைக் கொடுக்க வீடு வீடாகப் போகிறேன். யாரோடும் பேச்சு நிலைக்கவில்லை. உன்னோடு பேசித்தான் பழக்கம்.

மலர்

*

பெர்த்,
21.4.2024

மலர்,

பக்கங்கள் வந்து மூன்று வாரமாகிறது. தக்காளியைப் பிடுங்கிவிட்டு அந்த இடத்தில் கீரை விதைத்தோம். முளைத்துவிட்டது.

முப்பத்தொன்பது வருஷமாக அவனுக்கு வழியில் ஏதோ ஆகியிருக்கும், இல்லையென்றால் வந்திருப்பான் என்றே நினைத்திருந்தேன். வெளியே சொன்னதில்லை. அதையும் நீ எடுத்துக்கொண்டாய். ஒரு வாரம் உன் கையெழுத்தைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

பிறகு மறுபடி எடுத்துப் படித்தேன். இருந்த ஒரே நல்ல புடவையை நாம் மாற்றி மாற்றிக் கட்டிக்கொண்டு பயிற்சிக்குப் போனது எனக்கே மறந்துபோயிருந்தது. வீட்டுக்கார அம்மா, “ரெண்டு பேருல யாருமா அந்தப் புடவைக்குச் சொந்தம்?” என்று கேட்டதைப் படித்து வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். மருமகள் ஓடி வந்து பார்த்தாள். இதையெல்லாம் நினைவு வைத்திருக்க உன்னை விட்டால் எனக்கு யாரும் மிச்சமில்லை.

பக்கங்களைத் திருப்பித் தரமாட்டேன். உன் புத்தகத்தில் நான் வேண்டாம். அந்த அறையில் நீ தனியாக இருந்ததாகவே எழுதிக்கொள். கஷ்டமாகத்தான் இருக்கும். இருக்கட்டும்.

ஜூன் இரண்டாம் வாரம் சிவநேசன் அண்ணன் மகள் கல்யாணத்துக்குக் கிள்ளான் வருகிறேன். உன் வீட்டுக்கு வருவேனா என்று இப்போது சொல்லத் தெரியவில்லை. வந்தாலும் பேசுவேனா என்பது நிச்சயமில்லை. எதற்கும் அந்த வாரம் நீ எங்கேயும் போய்விடாதே.

சீதா