முட்டுக்கழி இங்கேதான் இருக்கிறது

மண்ணச்சநல்லூர்,
29.11.1955, செவ்வாய் காலை.

மேலூர் வாழைத்தோட்டத்தில் இருக்கும் என் மாமாவுக்கு, உங்கள் மனைவி வள்ளிக்கண்ணு கும்பிட்டு எழுதுவது. பிரசவத்துக்கு அப்பா வீட்டுக்கு வந்த நாளிலிருந்து நானும் வயிற்றுப் பிள்ளையும் சுகம். இனிமேலும் சுகமாக இருப்பது உங்கள் கையில்தான் இருக்கிறது.

அப்பா வேலை பார்க்கும் ரைஸ் மில்லில் ரேடியோவை ஜன்னலோரம் வைத்துச் சத்தமாகப் போட்டிருக்கிறார்கள். நெல் அவிக்கிற பெண்களோடு நானும் நின்று கேட்டேன். நாகப்பட்டினம் பக்கம் புயல் கரை ஏறப் போகிறதாம். திருச்சி வரைக்கும் காற்று அடிக்குமாம். கேட்டதிலிருந்து கை கால் ஓடவில்லை. சோற்றைப் பிசைந்து அப்படியே வைத்திருக்கிறேன் என்று அம்மா திட்டுகிறாள்.

மூன்று வருஷத்துக்கு முன்னால், இதே கார்த்திகையில், நம் தெருவுக்குத் தண்டோராக்காரர் வந்தாரே, ஞாபகம் இருக்கிறதா? பெரிய காற்று வருகிறது, யாரும் வீட்டை விட்டு வெளியே வராதீர்கள் என்றார். வாழைக்காரர்கள் காதில் முதல் பாதிதான் ஏறியது. காற்று என்றதும் கழியும் கயிறுமாகத் தோட்டத்துக்கு ஓடினார்கள். தார் போட்ட மரத்துக்கு முட்டுக் கொடுக்காமல் எவன் படுப்பான் என்று உங்கள் அண்ணன் சிரித்துக்கொண்டே போனார். வரப்பில் தென்னை சாய்ந்து கிடந்ததையும், அடியில் அவர் கையில் கயிறு சுற்றியபடி இருந்ததையும் முதலில் பார்த்தவர் நீங்கள். அவர் முட்டுக் கொடுத்த மரம் ஒன்றுகூட நிற்கவில்லை மாமா.

காளியாயி அக்காவோடு ஒரே அடுப்பில் சமைக்கிறவள் நான். அண்ணன் போனதிலிருந்து அவர் வெறுங்கழுத்தைப் பார்த்துக்கொண்டேதான் குழம்பு தாளிக்கிறேன். எனக்குப் பயமாக இருக்கிறது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், ரொம்பப் பயமாக இருக்கிறது.

ரஸ்தாளி தை மாதம் காந்தி மார்க்கெட்டுக்குப் போக வேண்டியது என்பீர்கள். எனக்குத் தெரியாதா? அந்தக் கன்றுகளுக்கு நானும்தான் குடம் சுமந்து தண்ணீர் ஊற்றினேன். விழுந்தால் விழட்டும். கிழங்கு மண்ணுக்குள் இருக்கிறது, பக்கக்கன்று வரும். அக்காவுக்குப் போனவர் திரும்பி வந்தாரா?

இதைக் கொண்டுவரும் அழகிரி சித்தப்பாவை இன்றைக்குத் திருப்பி அனுப்பாதீர்கள். மாட்டைக் கட்டிப் போடாமல் அவிழ்த்துவிடுங்கள். அக்காவையும் கூட்டிக்கொண்டு மூன்று பேருமாகப் பள்ளிக்கூடக் கட்டடத்துக்குப் போய்விடுங்கள். நம் கூரை தாங்காது. காற்று சட்டென்று நின்றாலும் வெளியே வராதீர்கள். திசை மாறித் திரும்ப அடிக்கும் என்று ரேடியோவில் இரண்டு தடவை சொன்னார்கள்.

இவ்வளவு எழுதியும் நீங்கள் கேட்க மாட்டீர்கள் என்று தெரியும். பிடிவாதத்தில் உங்கள் அண்ணனுக்கு நீங்கள் இளைத்தவரா? அதனால் ஒரு காரியம் செய்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை சித்தப்பா வண்டி கட்டிக்கொண்டு வந்து, அப்பாவின் மாட்டுக்கொட்டகைக்குக் கழி வேண்டும் என்று கேட்டாரே, அது பொய். கடலில் புயல் இருக்கிறது என்று சனிக்கிழமையே பேப்பரில் வந்திருந்தது. நான்தான் சொல்லி அனுப்பினேன், அவரைக் கோபிக்காதீர்கள். மாமனார் கேட்கிறார் என்றதும் நீங்கள் ஒரு வார்த்தை கேட்கவில்லையாம். "எல்லாத்தையும் ஏத்திக்குங்க, எனக்கென்ன இப்ப அவசரம்" என்று நீங்களே தூக்கி வண்டியில் வைத்தீர்களாம். சித்தப்பா வந்து சொன்னபோது அழுதுவிட்டேன்.

இங்கே கொட்டகையும் கிடையாது ஒன்றும் கிடையாது. உங்கள் முட்டுக்கழி அத்தனையும் நான் படுக்கிற அறைச் சுவரில் சாத்தியிருக்கிறது. இதைப் படிக்கும்போது தோட்டத்தில் உங்களுக்கு ஊன்ற ஒரு கழி இருக்காது.

கோபம் வரும். வரட்டும். அதைப் பள்ளிக்கூடத்துக்குள் பத்திரமாக வைத்திருங்கள். காற்று ஓய்ந்தது என்று அதிகாரிகள் வந்து சொன்ன பிறகு, கொள்ளிடத்துப் பாலத்தில் பஸ் விட்டதும் முதல் பஸ்ஸில் ஏறி இங்கே வந்து என்னைத் திட்டுங்கள். தெருவில் நிறுத்தி நாலு பேர் பார்க்கத் திட்டினாலும் வாயைத் திறக்க மாட்டேன். திட்டுவதற்காவது வாருங்கள் மாமா.

வாசலிலேயே நிற்கும்,
வள்ளிக்கண்ணு.