ஈரச்சேலையில் நாற்பத்தொரு நாள்

கூடப் பிறந்த கண்ணு மயிலாத்தாளுக்கு,

நீ போய் ஏழு வருசம். எழுபத்தொன்பதாம் வருசம் பிறந்துவிட்டது. மூன்றாம் கிளாசோடு நின்ற உன் அக்கா எழுத்துக் கூட்டி இதை எழுதுகிறேன். ஊரில் நாலு பேர் படித்தாலும் படிக்கட்டும்.

உன் மாமியார் உன்னைத் திருப்பி அனுப்பிய நாளை நான் மறக்கவில்லை. "உங்க பொண்ணு அரிசி கழுவுனா எங்க கெணறே வத்திப்போகுமுங்க. நீங்களே வெச்சுக்குங்க" என்று வாசலில் நின்றே சொன்னாள். அந்தப் பேச்சுக்காக, அவள் செத்தபோதுகூட நான் எட்டிப் பார்க்கவில்லை. நான் செய்ததற்கு என் சாவுக்கு யார் வர வேண்டும்?

எழவு வீட்டுக்குப் போய் வந்தால் எல்லோருக்கும் ஒரு குடத்துத் தண்ணீரில் தீட்டுக் கழிந்துவிடும். உனக்குக் கழியவே இல்லை. தோல் உரிந்து ரத்தம் கசிந்தும் கையைக் கழுவிக்கொண்டே இருந்தாய். தோசம் என்று நான்தான் முடிவு கட்டினேன். நாற்பத்தெட்டு நாள் விடியலில் தலைக்கு ஊற்றி, ஈரச்சேலையோடு மாரியம்மன் கோயிலைச் சுற்ற வேண்டும் என்று நானே நேர்ந்துகொண்டேன். கழுவியே நைந்தவளுக்கு இன்னும் தண்ணீர். அதுவும் மார்கழி தையில், பாலக்காட்டுக் கணவாய்க் காற்றில்.

"அக்கா, ஊத்த ஊத்தப் பயம் சாஸ்தியாவுது" என்றாய்.

"சாமி காரியத்துல வாய் பேசாத. சுத்து" என்றேன்.

நாற்பத்தொன்றாம் நாள் நெஞ்சுச்சளிக் காய்ச்சலில் படுத்தாய். பிறகு எழுந்திருக்கவே இல்லை. முதல் நாளே உன் பேச்சைக் கேட்டிருந்தால்?

இப்போது என் மகள் வயிற்றுப் பேத்தி சரசுவுக்கும் அதே கைகழுவல். கோயில் நேர்த்தி என்று வீட்டில் ஆரம்பித்தார்கள். நான் விடவில்லை, பாலக்காட்டு ஆசுபத்திரிக்குப் புறப்பட்டேன். மருமகன் மறித்தார். "பைத்தியக்கார டாக்டர்கிட்டப் போனா நாளைக்கு எவன் கட்டுவானுங்க?"

"கட்டறவன் வரும்போது புள்ள உசுரோட இருக்கோணுமல்லங்க, மாப்ள?" என்றேன். வழிவிட்டார்.

டாக்டரம்மா மலையாளத்தில் நிதானமாகச் சொன்னார். மனசுக்கு வருவது ஒரே நோய் இல்லையாம். சிலருக்கு எதிலும் பிடிப்பில்லாமல் மனசு படுத்துவிடுமாம். சிலர் தலைகால் தெரியாமல் துள்ளி, பிறகு அப்படி விழுவார்களாம். காரணமில்லாமல் நெஞ்சு அடித்துக்கொள்ளும் பயம் வேறு, இல்லாத குரல் காதில் கேட்பது வேறு. வீண் என்று தெரிந்தும் விடாத ஒரு நினைப்பும், அதை அடக்க ஒரே காரியத்தைத் திரும்பத் திரும்பச் செய்வதும் இன்னொன்று; சரசுவுக்கு அதுதானாம். நாம் எல்லாவற்றுக்கும் கிறுக்கு என்று ஒரே பேர் வைத்திருந்தோம்.

கழுவினால் பயம் கொஞ்ச நேரம் அடங்கி, முன்னைவிடப் பெரிதாக வரும் என்றார். நீ சொன்னதேதான். ஏழு வருசத்துக்கு முன்னால் நீ என்னிடம் சொன்னதேதான், கண்ணு.

மாத்திரை கொடுத்திருக்கிறார். கழுவத் தோன்றும்போது கழுவாமல் இருந்து பழகவும் வேண்டுமாம். கூடவே ஒரு ஆள் வேண்டுமாம். நேற்று சரசு அழுதுகொண்டு வந்தாள். "அம்மாயி, இன்னொருக்கா மட்டும் கழுவிக்கறேன்." நான் அதட்டவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, என்ன பயம் என்று கேட்டேன். சொன்னாள். முழுக்கக் கேட்டேன். வெகு நேரம் கழித்து, ஒரே தடவை கழுவிய கையோடு சோறு தின்றாள்.

இனி நம் வீட்டில் ஒரு பெண் பயம் என்றால், அவள் சொல்லி முடிக்கும்வரை நான் வாய் திறக்க மாட்டேன். இது உனக்குக் கொடுக்கும் வாக்கு.

உனக்கு மூத்தவள்,
பொன்னாத்தாள்