உன் பதினோரு கேள்விகளும் நம் வீட்டு ஐம்பத்திரண்டு படிகளும்

மகனுக்கு, அப்பா எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் நலம், அங்கே நீங்கள் மூவரும் நலமா என்று ஆரம்பிப்பதுதான் முறை. நான் நலம். உன் அம்மாவின் நலம் இந்தக் கடிதத்தில் பின்னால் வரும், அவசரப்பட்டுக் கடைசிப் பக்கத்துக்குத் தாவாமல் வரிசையாகப் படி. நீங்கள் நலமாகத்தான் இருப்பீர்கள் என்பது நீ அனுப்பிய பதினோரு கேள்விகளைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. குறை உள்ளவன் எவனும் கப்பல் அறைக்கு ஜன்னல் போதுமா பால்கனி வேண்டுமா என்று உட்கார்ந்து யோசிக்க மாட்டான்.

போனில் சொல்லாமல் எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போன் எந்நேரமும் உன் அம்மாவின் கையில் இருக்கிறது, நான் பேசினால் அவள் காதில் விழும், விழக் கூடாத விஷயம் ஒன்று இதில் இருக்கிறது. அதனால் துறைமுகத்தில் கயிறுகள் போட்டு வைக்கும் கொட்டகையில், ஒரு கப்பல் போய் அடுத்தது வருவதற்குள், ஒரு கயிற்றுச் சுருள் மேல் உட்கார்ந்து எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் சகித்துக்கொள், கயிறு பிடித்த கை. முப்பத்தொரு வருஷமாக வருகிற கப்பலைக் கரையில் கட்டுவதும் போகிற கப்பலை அவிழ்த்து விடுவதும்தான் என் பிழைப்பு, அதில்தான் நீ படித்தாய். உன் ஏழாவது கேள்வியில், துறைமுகத்தில் நமக்குத் தெரிந்தவர் யாராவது இருக்கிறார்களா என்று கேட்டிருக்கிறாய். இருக்கிறான். உன் அப்பன்.

ஒன்பது வருஷம் கழித்து வருகிறாய். அதுவும் வீட்டுக்கு வருகிறேன் என்று எழுதவில்லை, கப்பல் உங்கள் ஊரில் ஒரு பகல் நிற்கிறது என்று எழுதியிருக்கிறாய். உங்கள் ஊராம். நீ என்ன வானத்திலிருந்து குதித்தாயா? சம்பந்திகளின் நாற்பதாவது கல்யாண நாளுக்குப் பன்னிரண்டு நாள் கப்பல் பயணம், நல்லது, அவர்கள் நன்றாக இருக்கட்டும், அவர்கள் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. பெற்றவர்களுக்கு அந்தப் பன்னிரண்டு நாளில் ஒரு மணி நேரம் ஒதுக்கியிருக்கிறாயே, உன் மேல்தான் வருத்தம். வருத்தம் என்றுகூட மரியாதைக்காகச் சொல்கிறேன், கோபம். உன் திட்டத்தை நான்கு தரம் படித்தேன். காலை எட்டுக்குக் கப்பல் வரும், ஒன்பதிலிருந்து ஒன்று வரை பஸ்ஸில் நகரத்தைச் சுற்றிப் பார்ப்பது, மாமியார் நேரத்துக்குச் சாப்பிட வேண்டும் என்பதால் கப்பலுக்குத் திரும்பிச் சாப்பாடு, பிறகு இரண்டரையிலிருந்து மூன்றரை வரை பயணிகள் கூடத்தில் இருக்கும் காபிக் கடையில் எங்களோடு நிம்மதியாக உட்கார்ந்து பேசுவது. அம்மாவை அங்கே அழைத்து வந்துவிட்டால் நேரம் மிச்சமாகும் என்று வேறு எழுதியிருக்கிறாய். கப்பல் நிற்கிற நாளில் வெளியாட்களை அந்தக் கூடத்துக்குள் விடுவதே கிடையாது. பயணிகள் கம்பி வேலிக்கு உள்ளே, சொந்தக்காரர்கள் வெளியே, நடுவில் நாலு விரல் நுழைகிற ஓட்டை. அந்த வேலியைப் பிடித்துக்கொண்டு நின்ற அம்மாக்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். உன் அம்மா அங்கே நிற்க மாட்டாள்.

கேட்டதற்குப் பதில் சொல்லாமல் திட்டிக்கொண்டே போகிறார் என்று மருமகள் நினைக்கக் கூடாது, அதனால் சொல்கிறேன், எழுதி வைத்துக்கொள். அறை விஷயத்தில் பால்கனிக்கு ஆசைப்பட்டு மேல் மாடிக்குப் போகாதே, மேலே போகப் போக ஆட்டம் அதிகம். கீழ்த்தளத்தில், கப்பலின் நடுப்பகுதியில் எடு. சிறு வயதில் பஸ்ஸில் மூன்று நிறுத்தம் போவதற்குள் வாந்தி எடுத்த ஆள் நீ, மாத்திரையைத் தலை சுற்றிய பிறகு போடாதே, கப்பல் நகர்வதற்கு முன்பே போடு. மருந்துகளையும் ஒரு மாற்றுத் துணியையும் கையோடு வைத்துக்கொள், பெரிய பெட்டிகளை வாங்கி அடுக்கி அறைக்குக் கொண்டுவரச் சாயங்காலம் ஆகிவிடும். பாஸ்போர்ட்டை நகல் எடுத்துத் தனியாக வை. புதுச் செருப்பைக் கப்பலுக்கென்று வாங்காதே, கால் கடித்து நொண்டிக்கொண்டு இறங்குகிறவர்களை வாரா வாரம் பார்க்கிறேன். பேத்தியின் கழுத்தில் அறை எண் எழுதின அட்டை ஒன்று மாட்டு. அந்தக் குழந்தைக்கு ஐந்து வயது, அவளை நாங்கள் இதுவரை கழுத்துக்கு மேலேதான் பார்த்திருக்கிறோம், போன் திரையில் அவ்வளவுதான் தெரிகிறது.

எல்லாவற்றையும்விட முக்கியம் கடிகாரம். கப்பல் தன் சொந்த நேரத்தில் ஓடும், அது நம் ஊர் நேரத்துக்கு ஒரு மணி முன்னால். கப்பலுக்கு ஐந்து என்றால் கரையில் நாலு. உன் போன் கரை இறங்கியதும் அதிகப்பிரசங்கித்தனமாகத் தானே நேரத்தை மாற்றிக்கொள்ளும், அதை நம்பிப் பொருள் வாங்கிக்கொண்டு நின்றவர்கள் எல்லாம் பிறகு என் கண் முன்னால் ஓடி வந்திருக்கிறார்கள். நீ கிளம்பும்போது நான் கொடுத்த கைக்கடிகாரம் இன்னும் இருந்தால் அதைக் கப்பல் நேரத்துக்கு வைத்துக் கட்டிக்கொள், இல்லையென்றால் இல்லை என்று எழுதாதே. இன்னொன்று, கப்பல்காரர்கள் தாங்களே நடத்துகிற பஸ் தாமதமானால் கப்பல் அதற்காக நிற்கும், தனியாகப் போனவனுக்காக ஒரு நிமிஷம் நிற்காது. போன வருஷம் ஒருவன் கையில் ஒரு பொம்மையோடு ஓடி வந்தான், நான் கடைசிக் கயிற்றை இரும்பு முளையிலிருந்து தூக்கிவிட்டேன், அவன் முகத்துக்கும் எனக்கும் பத்தடிதான். விசில் ஊதியாகிவிட்டது, நான் என்ன செய்ய முடியும். மேற்பார்வையாளர் எனக்குக் கல்நெஞ்சன் என்று பெயர் வைத்தது அன்றைக்குத்தான்.

இப்போது நாலாவது கேள்விக்கு வருகிறேன், வேண்டுமென்றுதான் கடைசியில் வைத்தேன். துறைமுகத்தில் சக்கர நாற்காலி கிடைக்குமா, அத்தையால் ரொம்ப தூரம் நடக்க முடியாது என்று கேட்டிருந்தாய். கிடைக்கும். இரண்டு இருக்கின்றன, ஒன்றின் முன் சக்கரம் கோணல், மற்றது நன்றாக ஓடும். நன்றாக ஓடும் என்று எனக்கு எப்படித் தெரியும் என்றால், பிப்ரவரியில் உன் அம்மாவை ஆஸ்பத்திரியிலிருந்து அதில்தான் வீட்டு வாசல் வரை தள்ளிக்கொண்டு வந்தேன். குளியலறையில் வழுக்கி விழுந்தாள், இடுப்பு எலும்பு முறிந்து உள்ளே கம்பி வைத்திருக்கிறார்கள். வாசலிலிருந்து மூன்றாவது மாடிக்கு நானும் கீழே தையல் கடைக்காரரும் நாற்காலியில் உட்கார வைத்துத் தூக்கினோம். ஐம்பத்திரண்டு படி, முன்பு நீ இரண்டிரண்டாகத் தாவிய அதே படிகள். அதற்குப் பிறகு அவள் ஒரு தரம்கூடக் கீழே இறங்கவில்லை. கட்டிலிலிருந்து ஜன்னலுக்கு, ஜன்னலிலிருந்து கட்டிலுக்கு, அவ்வளவுதான் அவள் உலகம். போனைச் சர்க்கரை டப்பா மேல் சாய்த்து வைத்துவிட்டு, தலையை வாரிக்கொண்டு, கழுத்துக்கு மேலே மட்டும் காட்டிச் சிரித்துப் பேசுகிறாள், முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்றால் இதுதான். நீயும் ஆறு மாதமாக, அம்மா ஏன் ஒரே இடத்தில் உட்கார்ந்து பேசுகிறாள் என்று ஒரு நாள் கேட்டாயா?

உன்னிடம் சொல்லக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறாள். சொன்னா அவன் வேலையெல்லாம் போட்டுட்டு ஓடி வந்துடுவான், பாவம், வேணாம், கால் சரியானதும் நானே சொல்லிக்கிறேன் என்றாள். நானும் தலையாட்டினேன். பெற்ற மனம் பித்து, அவள் நீ ஓடி வருவாய் என்று நம்புகிறாள். நான் சொல்லி, நீ வராமல் போய், அந்த நம்பிக்கையும் அவளுக்குப் போய்விட்டால் அவளை யார் தேற்றுவது என்றுதான் நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். இதைத்தான் இத்தனை நாள் நெஞ்சில் வைத்துக்கொண்டு திரிந்தேன், இப்போது இறக்கி வைத்துவிட்டேன், நீயே சுமந்துகொள்.

இன்னும் இருக்கிறது. நீ பதிவு செய்திருக்கும் அந்த நகரம் சுற்றும் பஸ் எங்கெல்லாம் போகும் என்று உனக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். மூன்று வருஷமாக அது நம் தெருவுக்குத்தான் வருகிறது. முனையில் இருக்கும் தண்ணீர்த் தொட்டிக் கோபுரத்துக்கு எதிரே பத்து நிமிஷம் நிற்கும், நெஞ்சில் எண் போட்ட வட்டச் சீட்டு ஒட்டிக்கொண்டு எல்லோரும் இறங்கிப் போட்டோ எடுப்பார்கள், மஞ்சள் குடை பிடித்த வழிகாட்டிப் பெண் அந்தக் கோபுரத்துக்கு முந்நூறு வயது என்று வாய் கூசாமல் சொல்வாள். அது நீ பள்ளிக்கூடம் சேர்ந்த வருஷம் கட்டினது, சிமெண்ட் தூசியில் துணி காயப்போட முடியவில்லை என்று உன் அம்மா தினமும் சண்டை போட்டாள். இப்போது அவள் ஜன்னலில் உட்கார்ந்து அந்த பஸ்ஸைத்தான் பார்க்கிறாள். கீழே நிற்பவர்கள் அண்ணாந்து பார்த்தால் கையை ஆட்டுகிறாள், அவர்களும் ஆட்டுகிறார்கள், சிலர் அவளையும் போட்டோ எடுக்கிறார்கள். உன் அம்மாவை எத்தனையோ நாட்டுக்காரர்கள் படம் பிடித்துப் போயாகிவிட்டது, உன்னிடம்தான் கழுத்துக்குக் கீழே ஒரு படம் இல்லை. யார் பெத்த பிள்ளைங்களோ, எங்கெங்கிருந்தோ வந்து நம்ம தெருவைப் பாக்குதுங்க என்று ஒரு நாள் சொன்னாள். கண் முன்போல இல்லை அவளுக்கு, மூன்றாவது மாடியிலிருந்து முகம் தெரியாது. நீ நெஞ்சில் பதினேழோ இருபதோ ஒட்டிக்கொண்டு நம் வீட்டு வாசலில் நிற்பாய், அவள் உனக்கும் யார் பெத்த பிள்ளையோ என்றுதான் கையாட்டுவாள். இதை நினைத்த நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

அதனால் உன் திட்டத்தைக் கிழித்துப் போடு, நான் சொல்கிறபடி செய். பஸ்ஸை ரத்து செய்யாதே, பஸ் ஆட்களைத்தான் கப்பலிலிருந்து முதலில் இறக்குவார்கள், டாக்ஸிக்கு நிற்பதைவிட அது சீக்கிரம் வந்துவிடும். கப்பல் நேரத்துக்கு ஒன்பது நாற்பதுக்கு நம் தெரு முனை. இறங்கியதும் குடைக்காரியிடம் நாங்கள் இங்கேயே நின்றுகொள்கிறோம் என்று சொல், உன் பொறுப்பில் பிரிந்து போகிறாய் என்று ஒரு காகிதம் நீட்டுவாள், மூன்று பேருக்கும் கையெழுத்துப் போடு. சம்பந்திகள் பஸ்ஸிலேயே ஊரைச் சுற்றட்டும், முந்நூறு வருஷக் கோபுரத்தை ரசிக்கட்டும், அந்த நல்ல நாற்காலியை அம்மையாருக்காகக் கப்பல் வாசலிலேயே எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன். மூன்றரைக்குத் தையல் கடைக்காரர் தன் வண்டியில் உங்களைத் துறைமுகத்தில் விடுவார், பேசி வைத்துவிட்டேன். ஒன்பது நாற்பதிலிருந்து மூன்றரை வரை கணக்குப் போட்டுப் பார், ஆறு மணிக்குப் பத்து நிமிஷம் குறைவு. ஒன்பது வருஷத்துக்கு அது ஒரு கணக்கே இல்லை, ஆனாலும் அது போதும் என்று அவள் சொல்வாள், அவள் அப்படிப்பட்டவள். நான் சொல்ல மாட்டேன்.

அன்றைக்குக் காலையில் உன் கப்பலைக் கட்டப் போவது நான்தான். மேலிருந்து பார்த்தால் பின்பக்கம் கயிற்றை இழுத்து முளையில் மாட்டுகிற தலை நரைத்த ஒருவன் தெரிவான், பேத்திக்குக் காட்டு. கட்டியதும் சைக்கிளில் வீட்டுக்கு வந்துவிடுவேன். சாயங்காலம் அவிழ்க்கிற முறையும் என்னுடையதுதான், ஆனால் அதை வேறு ஆளுக்குக் கொடுக்கச் சொல்லி மேற்பார்வையாளரிடம் கேட்டுவிட்டேன். முப்பத்தொரு வருஷத்தில் முறை மாற்றிக் கேட்டதில்லை, அவரே பயந்துபோய் உடம்புக்கு என்னய்யா என்றார். தோள்பட்டை வலி என்றேன். வலி ஒன்றும் இல்லை. எத்தனையோ பேர் பிள்ளைகளை ஏற்றின கப்பலை அவிழ்த்துவிட்ட கைதான், உன்னதை அவிழ்க்க வரவில்லை.

மருமகளுக்கும் குழந்தைக்கும் என் ஆசி. திட்டினதை எல்லாம் ஆசியோடு சேர்த்துக்கொள், இரண்டும் ஒரே வாயிலிருந்து வருவதுதான். இந்தக் கடிதம் வந்ததை அம்மாவிடம் போனில் உளறிவிடாதே, கால் எப்படி இருக்கிறது என்று துக்கம் விசாரிக்காதே, எப்போதும் போலப் பேசு, என் சத்தியத்தை நான் முறித்ததாகவே தெரிய வேண்டாம். ஒன்றை மட்டும் மறக்காதே. பஸ்ஸை விட்டு இறங்கியதும் மேலே பார்ப்பாய், மூன்றாவது மாடி ஜன்னலிலிருந்து கை ஆட்டுவாள். நீயும் திருப்பிக் கை ஆட்டிவிட்டு நிற்காதே. ஏறி வா.

இப்படிக்கு,
துறைமுகத்தில் உனக்குத் தெரிந்த ஒரே ஆள்,
அப்பா.