ஊமைக் குயில்

சோமா, ஜாம்பியா
அக்டோபர் 20, 1993

அன்புள்ள சோல்வே அப்பாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். மழைதான் இன்னும் முகம் காட்டவில்லை. சமையலறைக்குப் பின்னால் நம் மாமரத்தில் ஒரு சாம்பல் குயில் வந்து உட்கார்ந்திருக்கிறது. "அம்மா, இது நம்மூருதா, வெள்ளக்காரங்க ஊருதா?" என்று கேட்டுக் கேட்டு உங்கள் மகள் சோல்வே என்னை ஷீமாக் களி கிளற விடுவதில்லை. முதுகும் வயிற்றுக் கோடும் இரண்டுக்கும் ஒரே அச்சு. நம்மூர்க் குயிலின் அலகு நல்ல மஞ்சள், நுனி மட்டும் கறுப்பு. வெள்ளைக்காரக் குயிலுக்கு அலகின் தொடக்கத்தில் கொஞ்சம்தான் மஞ்சள். தெரிந்து என்ன பயன்? தொலைநோக்கி உங்களோடு இங்கிலாந்து போய்விட்டதே! "அப்பான்னா உடனே சொல்லிருவாரு" என்று எனக்கு ஒரு குத்து வேறு.

பறவை பார்க்க வருகிறவர்களை நான் ஒருத்தியே கூட்டிக்கொண்டு அலைகிறேன். அருங்காட்சியகப் பயிற்சி எப்போது முடியும்? மக்காச்சோளம் விதைக்க வந்துவிடுவேன் என்றீர்களே.

உங்கள்
லுயாண்டோ

நார்ஃபோக், இங்கிலாந்து
நவம்பர் 9, 1993

அன்புள்ள லுயாண்டோ,

அலகை விடு. கூவினால் நம்மூர்க் குயில். எப்போதும் வாயை மூடிக்கொண்டே இருந்தால் பெரும்பாலும் இங்கேயிருந்து வந்த விருந்தாளி; நம் பக்கம் வந்தால் அது கூவாது. பயிற்சியை மே வரை நீட்டிவிட்டார்கள். குளிர் அதிகம். வேறு செய்தி இல்லை.

ம்வீம்பா

நார்ஃபோக்
மே 4, 1994

அன்புள்ள லுயாண்டோ,

இன்று காலை அந்த விருந்தாளிக் குயில் கூவுவதைக் கேட்டேன். நம் மாமரத்தில் வருஷா வருஷம் ஊமையாக உட்கார்ந்திருந்த அதே குயில், இங்கே தொண்டை புடைக்கக் கூவுகிறது! வயலோரம் அப்படியே நின்றுவிட்டேன். கூட வேலை பார்க்கும் ஹெலன், "என்னப்பா, குயிலையே பாத்ததில்லையா நீ?" என்று சிரித்தாள். "பாத்திருக்கேன். கேட்டதில்ல" என்றேன்.

அதன்பிறகு என்னால் அடக்க முடியவில்லை, சாயங்காலம்வரை அவளிடம் பேசினேன். நம் மூத்தவன் மலாம்போவைப் பற்றியும் சொன்னேன். காய்ச்சலில் அவன் என் மடியிலேயே போனதை, கம்பியில் நான் செய்துகொடுத்த காரை யாருக்கும் தெரியாமல் ஆற்றில் எறிந்ததை, எல்லாம் சொல்லி அழுதேன். மனசு லேசானது.

இங்கே இரண்டு வருஷ வேலை தருகிறார்கள். கையெழுத்துப் போடட்டுமா, வந்துவிடட்டுமா? நீ சொல்வதுதான்.

ம்வீம்பா

சோமா
ஜூன் 1, 1994

சோல்வே அப்பாவுக்கு,

அந்தக் காரை ஆற்றில் எறிந்தீர்களா? நான் வீடெல்லாம் தேடினேன். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள்தான் எடுத்துவிட்டார்கள் என்று அவர்களை வாய்க்கு வந்தபடி திட்டினேன்.

அவன் போனபிறகு அவன் பெயரை நீங்கள் என்னிடம் ஒருமுறைகூடச் சொன்னதில்லை. நான் பேச்செடுத்தால் எழுந்து போவீர்கள். நானும் விட்டுவிட்டேன். "அவரு பேசுற ஆளில்ல, விடுங்க" என்று கேட்டவர்களிடமெல்லாம் உங்களுக்காகப் பரிந்து பேசினேன். ஹெலன்மேல் எனக்குச் சந்தேகம் கிடையாது. பொறாமைதான். என் பிள்ளைக்காக நீங்கள் அழுததை அவள் பார்த்திருக்கிறாள், நான் பார்க்கவில்லை. நீங்கள் திரும்பி வந்தாலும் இது எனக்கு ஆறாது. கையெழுத்துப் போட்டுவிடுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை சோல்வேயைக் கல்லறைக்குக் கூட்டிப்போனேன். "மலாம்போன்னா யாரும்மா?" என்றாள். "உங்கண்ணன்டி. நீ பொறக்கறதுக்கு முன்னாடியே போயிட்டான்" என்றேன். இருட்டும்வரை கேள்வி கேட்டுக்கொண்டே இருந்தாள். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன்.

லுயாண்டோ